எட்டுக் கோலம்

மூன்றாவது தடவையாகக் கார் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி மாட்டிய மெக்கானிக் லியோ சொன்னார்: “பேட்டரில குறை இல்ல சார். யாரோ தினமும் சாவியப் போட்டுட்டு, ஸ்டார்ட் பண்ணாமலே உக்காந்துருக்காங்க. அதான் டவுன் ஆவுது.”

ஐயாவு மனைவியை முறைத்தார். “நீதானா அம்சவல்லி? பாட்டு கேக்குறியாக்கும்! வண்டிய வித்துடப் போறேன்.”

“வித்துடாதீங்க. விடியக்காலைல உக்காந்து இண்டிகேட்டரு, கியரு எல்லாம் பழகுறேன். ஸ்டார்ட் பண்ணா நீங்க முழிச்சுக்குவீங்க. நாளைக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எட்டு போடணும். லைசென்ஸ் கெடச்சுட்டா தஞ்சாவூர் பிசியோதெரபிக்கு நானே கூட்டிட்டுப் போவேன்.”

வாசல் கோலம் ஒரு வாரமாக ஏன் எட்டாகவே இருந்தது என்று அவருக்கு இப்போதுதான் விளங்கியது.

பக்கவாதத்தில் மரத்த காலை இழுத்துக்கொண்டு போய், டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

“இன்ஜின் ஓடாம எட்டு எப்படிடி வரும்? ஸ்டார்ட் பண்ணு!”