ஒரு நாள் லீவு

உத்திரமேரூர் இலவச சட்ட உதவி மையத்தில், நாற்காலி இருந்தும் முனிரத்தினம் நின்றுகொண்டே பேசினார்.

“மோட்டார் திருட்டு கேஸும்மா. ஜாமீன்ல கீறேன். தினம் காலைல ஸ்டேஷன்ல கையெழுத்து போடணும். வியாழக்கிழமை பொண்ணுக்குக் கல்யாணம். அன்னிக்கு மட்டும் லீவு வாங்கிக் குடும்மா.”

வக்கீல் அனுப்பிரியா வழக்கு எண்ணைக் கணினியில் தட்டினாள். திரையில் வந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

“ஐயா, நிஜத் திருடன் மாட்டி, உங்க பேரைக் கேஸ்லேர்ந்து எடுத்து ஆறு வருஷமாச்சு. ஸ்டேஷன்ல யாரும் சொல்லலையா?”

“இன்னாம்மா சொல்ற? தினம் போய்க்கினுதான கீறேன்!”

“இன்னுமா கையெழுத்து வாங்கறாங்க? எந்த நோட்டுல?”

முனிரத்தினம் யோசித்தார்.

“நோட்டு தீந்துபோயி ரொம்ப நாளாச்சும்மா. இப்பல்லாம் போனதும் தொடப்பத்தைத்தான் கையில குடுக்கறாங்க.”