இடது பக்கம் சிவப்பு

"அம்மா, அப்பாவுக்குச் சிவப்பு, பச்சை ரெண்டும் ஒரே மாதிரியா தெரியும்?"

பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள் பன்னிரண்டாவது படிக்கும் அகல்யா.

அம்சவேணி சிரித்துவிட்டாள். "நல்லா கேட்டே போ! ரயில் ஓட்டுறவருடி உங்கப்பா. சிக்னல் தெரியாம டில்லியிலேர்ந்து ஜான்சி வரைக்கும் தடவிக்கிட்டா போறாரு?"

பஹாட்கஞ்ச் குவார்ட்டர்ஸின் அந்தச் சின்ன ஹாலில், பெருமாள் படத்துக்கு முன் கண்மூடி நின்றிருந்தார் பூவராகவன். டியூட்டிக்குக் கிளம்பும் முன் அவர் முணுமுணுப்பது சுலோகமல்ல, எண்கள். "பன்னிரண்டு, எட்டு, இருபத்தொன்பது, அஞ்சு, மூணு..." கல்யாணமான புதிதில் அம்சவேணி கேட்டதற்கு, 'ராசியான நம்பர்' என்றார். மனுஷனுக்கு ராசிப் பைத்தியம். கொடிப் பெட்டியைக்கூட அவள்தான் அடுக்க வேண்டும். இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை.

"பயாலஜி மேடம், கண் டாக்டருங்க டெஸ்ட் பண்ற ஒரு புஸ்தகம் காட்டினாங்கம்மா. பக்கம் பூரா கலர் கலரா புள்ளி, நடுவுல நம்பர். எல்லாருக்கும் தெரிஞ்சுது, எனக்குத் தெரியலை. கலர் பிளைண்டாம். பொண்ணுக்கு இது வந்தா, பெத்த அப்பாவுக்குக் கண்டிப்பா இருக்குமாம். சச்சிம்மா, நிஜமாவே போர்டுல படம் போட்டே காட்டினாங்க."

பூவராகவன் கண்ணைத் திறந்தார். "எனக்கு அதெல்லாம் கிடையாது. ரயில்வே மெடிக்கல்ல கண் டெஸ்ட் எல்லாத்துலயும் பாஸ்."

"அப்போ..." அகல்யா அம்மாவையே பார்த்தாள்.

பெற்ற பெண் பார்க்கிற பார்வையா இது? அம்சவேணி கணவர் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, உங்க பொண்ணு என்னைச் சந்தேகப்படுறா! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க!"

"நேரமாச்சு. ஜல்தி, பெட்டியைக் குடு." அவர் சுவரைப் பார்த்தபடிதான் சொன்னார்.

பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்தியவளை இப்படி நிற்க வைத்துவிட்டாரே! அம்சவேணி மகளிடம் போனாள்.

"உங்க மேடம் தப்பாச் சொல்றாங்க. அப்படி என்ன நம்பருடி அந்தப் புஸ்தகத்துல?"

அகல்யா நோட்டைப் பிரித்தாள். "முதல் பக்கம் மட்டும் எனக்கும் தெரிஞ்சுது. பன்னிரண்டு. மத்ததெல்லாம் மேடம் சொல்லித்தான் எழுதினேன். எட்டு... அப்புறம்..."

"இருபத்தொன்பது," என்றாள் அம்சவேணி. குரல் அவளுடையது போலவே இல்லை. "அஞ்சு... மூணு."

"உனக்கெப்படிம்மா தெரியும்?"

அம்சவேணி கணவருக்கு முதுகைக் காட்டி நின்று கொடிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஏதோ செய்தாள். அப்படியே திரும்பி, திறந்த பெட்டியை அவர் முன் நீட்டினாள்.

"சிவப்பை எடுங்க."

பூவராகவன் பெட்டிக்குள் பார்த்தார். ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டியவரின் கை, வழக்கம்போல இடது பக்கம் போய், பச்சைக் கொடியை எடுத்தது.