நடுவில் ஒரு கல் வீடு

"கூச்சப்படாம அழுதுடு லாயிட். உன் கட்டடங்களைப் பாத்து, ஊர்க் குழுவிலேருந்து வர்ற அந்தம்மாவுக்கே கண்ணுல தண்ணி வரணும்," என்றார் தரகர் கார்மைன் போனில்.

லாயிட்டுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நியூ ஜெர்சி நெடுஞ்சாலை ஓரத்தில் அப்பா விட்டுப்போன அலுவலக வளாகம் அது. மூன்று கண்ணாடிக் கட்டடங்கள், பரந்து கிடக்கும் கார் நிறுத்துமிடம், நட்ட நடுவில் இருநூற்றைம்பது வருஷத்துக் கல் வீடு ஒன்று. அமெரிக்க விடுதலைப் போரின்போது யாரோ ஒரு தளபதி அதில் ஒரு ராத்திரி தூங்கினாராம். அவர் நிம்மதியாகத் தூங்கிவிட்டுப் போய்விட்டார். லாயிட்டின் தூக்கம்தான் போயிற்று. இடத்தை வாங்க வந்தவர்கள் எல்லாரும் அந்த வீட்டு வாசலில் 'பாரம்பரியச் சின்னம், இடிக்கக் கூடாது' என்று இருந்த பித்தளைப் பலகையைப் படித்ததும் காரைத் திருப்பிக்கொண்டு கிளம்பினார்கள்.

ஊரே வீட்டிலிருந்து வேலை செய்ய ஆரம்பித்த பிறகு வளாகத்தில் மிஞ்சியது ஒரு பல் டாக்டர் மட்டும். இப்போது ஒரு கம்பெனி மொத்தத்தையும் இடித்துவிட்டுக் கிடங்கு கட்ட முன்வந்திருந்தது. ஒரே நிபந்தனை, வெள்ளிக்கிழமைக்குள் ஊர் மன்றத்தின் சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் பேரம் முறிந்துவிடும். மனைவி மர்லீன் குளிர்காலக் கோட்டுகளை எல்லாம் தானம் கொடுத்துவிட்டு முன்கூட்டியே குளிரே இல்லாத ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டாள். "வித்துட்டு வா. விக்காம வராத" என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள்.

புதன்கிழமை காலை, ஊரின் பாரம்பரியக் கட்டடக் குழுவிலிருந்து வினிஃப்ரெட் அம்மையார் வந்து இறங்கினார். எழுபது வயது, கழுத்தில் கேமரா, கையில் நீளமான படிவம். பழைய வீட்டு ஜன்னலுக்கு வேறு நிறம் அடித்த பாவத்துக்காகச் சொந்தத் தம்பியையே மன்றத்தில் நிறுத்தியவர்.

லாயிட் டோனட் பெட்டியை நீட்டினார்.

"எனக்குச் சர்க்கரை ஆகாது," என்று சொல்லி இரண்டு எடுத்துக்கொண்டார் அம்மையார். "எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?"

"முதல்ல இந்த ஆபீஸ் கட்டடங்களைப் பாருங்க மேடம். அப்பத்தான் என் கஷ்டம் புரியும்."

"தாராளமா. எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

முதல் கட்டடத்தின் முன்கூடத்தில் லாயிட் தரையைக் காட்டினார். "இந்தக் கம்பளத்தைப் பாருங்க, ஆரஞ்சு. அறுபத்தெட்டுல போட்டது."

"அப்படியேவா இருக்கு?"

"அப்படியேதான். எங்க அப்பா மகா கஞ்சன். ஒரு பல்பு போனாலே பத்து நாள் யோசிப்பார்."

அம்மையார் படம் எடுத்தார். "லிஃப்ட் ஓடுதா?"

"அதுக்கு மனசு வந்தா ஓடும். பக்கத்துல பாருங்க, செவுத்துலயே சிகரெட் சாம்பல் கிண்ணம் பதிச்சு வெச்சிருக்காங்க. இப்ப ஆபீஸ்ல யாரு சிகரெட் பிடிக்கறாங்க? அந்தச் சனியனைப் பேத்து எடுக்கக்கூட முடியல."

அம்மையார் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லாயிட் மனசுக்குள் கார்மைனுக்கு ஒரு சபாஷ் போட்டார். அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. சுழல் படிக்கட்டில் ஏற்றி இறக்கினார், ஒழுகும் கூரையைக் காட்டினார், அடித்தளத்து அலமாரியைக் குடைந்து கட்டட வரைபடங்களைக்கூட அள்ளிக்கொண்டு வந்து மேஜைமேல் போட்டார்.

"வரைஞ்சவன் யாருன்னு தெரியல. எந்தப் பைத்தியக்காரனோ. ஒரு மூலைகூட நேரா இல்ல பாருங்க."

வரைபடத்தின் ஓரத்தில் இருந்த கையெழுத்தை அம்மையார் விரலால் மெல்லத் தடவினார். "கட்டினதுக்கப்புறம் எதையாவது மாத்தியிருக்கீங்களா? ஒரு கதவு, ஒரு கண்ணாடி?"

"ஒரு திருகாணிகூட மாத்தல."

"அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

"பத்துத் தடவை போடறேன் மேடம்," என்று சொல்லி, அவர் காட்டிய இடத்தில் எல்லாம் போட்டார் லாயிட்.

இருவரும் வெளியே வந்தார்கள். லாயிட் கல் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"அப்புறம்... இந்த வீட்டைப் பத்தி உங்க முடிவு என்ன மேடம்?"

"இந்த வீடா? இதை அப்படியே முழுசாப் பேத்து, லாரியில ஏத்தி, லைப்ரரி பக்கத்துல கொண்டுபோய் வெக்கறதா போன வாரமே முடிவாயிடுச்சே. இன்னிக்குத் தபால்ல கடிதம் வந்துடும்."

லாயிட்டுக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே நின்று மர்லீனுக்குப் போன் போட்டார். "கண்ணு, அங்க நம்ம குடித்தனத்துக்குச் சட்டி பானையெல்லாம் வாங்கி வெச்சுக்கோ. வீட்டை அவங்களே தூக்கிட்டுப் போறாங்களாம்."

"கையெழுத்தாச்சா?" என்றாள் மர்லீன். அவளுக்கு எதிலும் ஒரு சந்தேகம் உண்டு.

"ஆச்சு. இப்பத்தான் என் கையால போட்டேன்."

போனை வைத்துவிட்டு அம்மையாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார் லாயிட். "ஒரு கல் வீட்டுக்காக இவ்வளவு தூரம் அலைஞ்சிருக்கீங்க. ரொம்ப நன்றி மேடம்."

"அந்த வீட்டுக்காக நான் வரலையே லாயிட்," என்றார் அம்மையார், மூன்று கண்ணாடிக் கட்டடங்களையும் பெற்ற பிள்ளைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தபடி. "அம்பது வருஷம் தாண்டி, ஒண்ணும் மாத்தாம இருந்தா, ஆபீஸ் கட்டடமும் எங்க சட்டப்படி பாரம்பரியச் சின்னம்தான். அதுக்கு அத்தாட்சிதான் கிடைக்காம இருந்துச்சு. நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. இனிமே இந்த மூணையும் யாராலயும் இடிக்க முடியாது."