நெகட்டிவ் இல்லாத படம்

சிதம்பரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த தட்சிணாமூர்த்தி, மஞ்சக்குப்பத்தில் அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"எம் பொண்ணு வினோதினியோட போட்டோவ வாங்கிட்டுப் போவலாம்னு வந்தேம்மா."

வினோதினிக்குப் பார்த்திருந்த பையனின் அம்மா ரத்தினம்மாள் முகம் சுளித்தாள். "ஜாதகம் பொருந்தலேன்னு போன வருஷமே சொல்லிட்டமே. இப்ப என்னா அவசரம்? நெகட்டிவ வச்சு இன்னொரு காப்பி போட்டுக்கக் கூடாதா?"

"எடுத்த ஒடனே படம் கையில வந்துடுற கேமராம்மா அது. நெகட்டிவ் கெடயாது. ஸ்டுடியோவுல எடுத்தா பொண்ணு படம் கண்டவன் கையில போயிடும்னு, மச்சான் சிங்கப்பூர்லேர்ந்து கொண்டாந்ததுல நானே எடுத்தேன்."

"அப்ப இன்னொண்ணு எடுக்க வேண்டியதுதானே?"

கேட்டுக்கொண்டே ரத்தினம்மாள் பீரோவைத் துழாவி, படத்தை உறையோடு எடுத்து வந்தாள்.

"சிரிச்ச மொகம். எங்களுக்குத்தான் குடுத்து வைக்கல. வேற எடம் அமைஞ்சிருச்சாக்கும். கல்யாணம் எப்ப?"

"கல்யாணம் இல்லம்மா. நாளைக்குப் பதினாறாம் நாள் காரியம். மஞ்சக்காமாலைன்னு தெரியறதுக்குள்ள போயிட்டா. பள்ளிக்கூடத்து குரூப் போட்டோவ விட்டா, சட்டம் போட்டு மாட்ட வேற படமில்ல."

ரத்தினம்மாள் படத்தை இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டினாள்.

அவர் படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டார்.

"எனக்கே எனக்குன்னு ஒண்ணு எடுத்துக் குடுங்கப்பான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. மாப்ள வீட்டுக்காரங்க கேட்டா வேணும்னு ஃபிலிமோட கேமராவப் பூட்டி வச்சேன். இன்னும் ஒம்போது ஃபிலிம் அப்டியே இருக்கும்மா."