மிளகளவு ஓட்டை

ஒரு முயலின் கால் எலும்பில் மிளகளவு ஓட்டை விழுந்திருந்தது. அது அடைபட்டால்தான் முயல் குதிக்க முடியும். டாக்டர் அதில் புதிதாகச் செய்த ஒரு சுண்ணாம்புச்சத்துக் கட்டியை வைத்துப் பார்த்தார். இடம் தெரியட்டும் என்று பக்கத்தில் இரும்புத் திருகு ஒன்றையும் முடுக்கினார்.

மாதாமாதம் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் திருகு பளிச்சென்று தெரிந்தது. கட்டி மங்கிக்கொண்டே வந்தது.

"என்னைப் பாரு, வந்த அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கேன். நீ பாதியா இளைச்சுட்டியே!" என்று சிரித்தது திருகு.

"எலும்புத் தம்பி வளர இடம் வேணும்ல" என்றது கட்டி.

எலும்புக்குப் பயம் வந்துவிட்டது. "அக்கா, நான் வளர்றதுக்குள்ள நீ கரைஞ்சு போயிட்டா?"

"நீ ஒரு அடி வச்சாத்தான்டா நான் ஒரு அடி நகருவேன்."

எலும்பு மெல்ல ஒரு அடி வைத்தது. கட்டியும் அவ்வளவுதான் நகர்ந்தது. அப்புறம் இன்னொரு அடி.

ஆறாம் மாதம் டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்துத் தேடு தேடென்று தேடினார். "கட்டியை எங்கேம்மா வச்சோம்?" என்று நர்ஸைக் கேட்டார். ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை.

"இங்கதான், என் பக்கத்துலதான் இருந்தா" என்றது திருகு. இந்தத் தடவை அது சிரிக்கவில்லை.

அதற்குள் முயல் மேசையிலிருந்து குதித்துவிட்டது.