கீறல் விழாத கார்

"எண்பதுக்கு மேல ஊசி போச்சுதோ, நான் இதிலயே இறங்கிப் போடுவன்!" என்றாள் விக்ரோறியா.

எண்பதில் ஓடுகிற வண்டியிலிருந்து எப்படி இறங்குவாள் என்று கேட்க, ஓட்டிக்கொண்டிருந்த கணவர் பற்றிக்கின் நாக்கு துறுதுறுத்தது. ஆனால் இன்றைக்குப் பார்த்து வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள அவர் தயாராக இல்லை.

நியூசிலாந்தின் பென்ரோஸில் இருபது வருஷம் லொறி ஓட்டி, ஓய்வுபெற்ற கையோடு ஆசை ஆசையாக வாங்கிய மோட்டர்ஹோம் இது. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிறது. ஓக்லாந்திலிருந்து வடக்கே ஒரு கடற்கரைக்கு இன்று முதல் பயணம். ஆனால் இந்த யானையைப் பால் வாங்கக் கடைக்குக் கொண்டுபோக முடியுமா? அதற்காக, விக்ரோறியாவின் சிவப்புக் காரைப் பின்னால் கொழுவி இழுத்துப் போவது என்று முடிவாகியிருந்தது. அந்தக் கார் அவளுக்கு உயிர். பற்றிக்கைக்கூட ஓட்ட விடமாட்டாள்.

"சொன்னது நினைவிருக்குதோ? என்ர காரில ஒரு கீறல் விழுந்தாலும் திங்கக்கிழமையே இந்த ஓடுற வீட்டை வித்துப் போடவேணும்."

"ஓமப்பா, ஓம். வாக்குக் குடுத்தனான் தானே."

கொடுத்துவிட்டார். அதனால்தான் ஸ்ரியறிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"பின்னுக்கு இழுத்துக்கொண்டு போறவைக்குச் சட்டம் தொண்ணூறு மட்டும் விடுது" என்றார். "அதுக்காகத் தொண்ணூறில தான் போகவேணுமெண்டில்லை. எங்களுக்கு எண்பது காணும்."

"அப்ப அறுபதில போவமே?"

"மோட்டர்வேயில அறுபதில ஊர்ந்தால், பின்னால வாறவன் உம்மட காரில தான் கொண்டுவந்து இடிப்பான்."

விக்ரோறியா பதறித் திரும்பினாள். கட்டிலும் திரைச்சீலையும் தான் தெரிந்தன. பக்கக் கண்ணாடியை எட்டிப் பார்த்தாள். அதில் ரோடு மட்டும் ஓடியது.

"கார் தெரியேல்லையே?"

"எப்பிடித் தெரியும்? இது அகலம், அது சின்னன். மறைச்சுப் போடும்."

"கமெரா ஒண்டு பூட்டுங்கோ எண்டு தலைதலையா அடிச்சனான்."

"லொறிக்காரனுக்கு என்னத்துக்குக் கமெரா? பின்னுக்கு வாற பாரம் எனக்கு ஸ்ரியறிங்கிலயே தெரியுது. பிள்ளை மாதிரி ஒழுங்கா வருது."

ஹார்பர் பாலத்தில் காற்று பிடித்துக்கொண்டது. பற்றிக் எழுபதுக்கு இறங்கினார்.

"காத்தடிச்சால் பின்னுக்கு இருக்கிறது வாலாட்டப் பாக்கும். உடன பிறேக்கைச் சடாரெண்டு அமத்தக் கூடாது. காலை மெல்ல எடுக்கவேணும். பாத்தீரே? ஆட்டம் நிண்டிட்டுது."

"எனக்கு ஒரு ஆட்டமும் தெரியேல்லையே."

"அது தானே என்ர கெட்டித்தனம்!"

விக்ரோறியாவின் கைப்பையில் ஃபோன் அடித்தது.

"மெலனியாத் தான் இருக்கும்" என்று பையைத் திறக்கப் போனாள். மகளுக்கு அம்மாவைப் பற்றிக் கவலை, அப்பாவின் ஓட்டத்தைப் பற்றி அதைவிடக் கவலை.

"அடிக்கட்டும். ஓடேக்க ஃபோன் இல்லை. எனக்குக் கவனம் சிதறும்."

பிறகும் அடித்தது. விக்ரோறியா பையை மூடிக் காலடியில் வைத்துவிட்டாள்.

"காலமை ஃபாதர் றொய்ஸ்டன் ரெண்டையும் தனித்தனியாச் சுத்தி வந்து தீர்த்தம் தெளிச்சவர் எல்லோ. அது தான் ஒரு குறையுமில்லாமல் போகுது."

இரண்டு வண்டிக்கும் சேர்த்து ஒரே ஆசீர்வாதம் செல்லாது என்று சேர்ச் வாசலில் அடம்பிடித்தவள் அவள்தான். பிறகு ஃபாதரும் சனமும் உள்ளே ரோல்ஸும் தேநீருமாக உட்கார்ந்துவிட, பாலத்தில் நெரிசல் கூடுமுன் போகவேண்டுமென்று இவர் அவளைக் கையோடு இழுத்து வந்திருந்தார்.

ஒரேவா என்ற ஊரைத் தாண்டியதும் மேடு வந்தது. மோட்டர்ஹோம் முனகியது.

"பாவம், என்ர கார் உங்களுக்குக் கஷ்டம் குடுக்குது" என்றாள் விக்ரோறியா. மண்டரின் ஒன்றை உரித்து, ஒவ்வொரு சுளையாக அவர் வாயில் வைத்தாள்.

"மேடு பறவாயில்லை. இறக்கம் தான் பொல்லாதது. முதலே வேகத்தைக் குறைக்காட்டி, பின்னுக்கு இருக்கிறது முன்னுக்கு இருக்கிறதைத் தள்ளிக்கொண்டு போயிடும்."

"எங்கட கலியாணம் மாதிரி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பற்றிக்குக்கு மனம் நிறைந்திருந்தது. எவன் முந்தினால் என்ன, எவன் ஹோன் அடித்தால் என்ன? பக்கத்தில் இவள் இருக்கிறாள், பின்னால் வீடு வருகிறது, முன்னால் கடல் இருக்கிறது. இதை விற்கிற நிலைமை மட்டும் வரக்கூடாது என்று மனதுக்குள் மாதாவை மன்றாடினார்.

கடற்கரை முகாமில் வண்டியை நிறுத்தியபோது அவருக்கு முதுகு வலித்தது. ஆனாலும் முகம் மலர்ந்திருந்தது.

"நல்லாத் தான் ஓட்டினீங்கள்" என்றாள் விக்ரோறியா. "ஆனா பேச்சு பேச்சு தான். நான் போய்ப் பாக்கப் போறன்."

அவள் இறங்கிப் பின்பக்கம் போனாள். பையில் மறுபடி ஃபோன் அடித்தது. இப்போது எடுக்கலாமே என்று பற்றிக் எடுத்து "ஹலோ" என்றார்.

"பற்றிக் அண்ணை, எத்தினை தரம் எடுக்கிறது!" ஃபாதர் றொய்ஸ்டனின் குரல் மூச்சிரைத்தது. "தனியாச் சுத்தித் தீர்த்தம் தெளிக்கவெண்டு நீங்கள் கழட்டி விட்ட சிவப்புக் கார், சேர்ச் கேற்றை மறிச்சுக்கொண்டு அப்பிடியே நிக்குது. கலியாணப் பொம்பிளை உள்ளுக்கு வரேலாமல் ரோட்டில நிக்கிறா! மற்றும்படி பயப்பிடாதையுங்கோ, காருக்கு ஒண்டுமில்லை."

வண்டிக்குப் பின்னால் வெறும் கொழுக்கியை விக்ரோறியா தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பற்றிக் ஜன்னலால் மெல்லத் தலையை நீட்டினார்.

"விக்ரோறியா... ஒரு கீறலும் இல்லையாம்!"