மோதிரத்தின் உள்பக்கம்

சமையலறை விளக்கின் கீழே தங்கையின் விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருக்கிறது. நிச்சயத்துக்கு வாங்கிய மோதிரம் மூட்டைத் தாண்டி இறங்கி மாட்டிக்கொண்டது, சோப்புக்கும் மசியவில்லை. அக்கா தையல் நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்துவிட்டு, மீதி நூலை விரல்நுனி நோக்கி நெருக்கமாகச் சுற்றுகிறாள். நூல் சதையை அமுக்கிப் பிடிக்கும். நுழைத்த முனையைப் பிடித்துப் பிரித்தால், மோதிரம் ஒவ்வொரு சுற்றாக ஏறி வெளியே வரும். "வராட்டி வெட்டிட வேண்டியதுதான்," என்கிறாள். "ஐயோ, வேணாங்க்கா! உள்ள கம்பெனி பேரு இருக்கு," என்று பதறுகிறான் மாப்பிள்ளை. "இதே கல்லு, இதே தங்கம் பக்கத்துக் கடையில பாதி விலை. வெளியவே தெரியாத பேருக்கா மீதியைக் குடுத்தீங்க மாப்பிள்ள?" "தெரியாட்டி என்ன, இருக்குல்ல!" "பெரிய அளவா வாங்குன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே," என்று பல்லைக் கடிக்கிறாள் தங்கை. "அந்தக் கம்பெனியில இந்த அளவுதாம்மா இருந்துச்சு." நூல் பிரியப் பிரிய மோதிரம் நெளிந்து ஏறி, மூட்டில் ஒருமுறை முரண்டு பிடித்து, சட்டென்று கழன்று மேசையில் உருளுகிறது. அவன் பாய்ந்து எடுத்து, விளக்குக்கு நேராகத் தூக்கி உள்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். "அப்பாடா, ஒண்ணும் ஆகல!" தங்கை பள்ளம் விழுந்த விரலை ஊதிக்கொண்டே மோதிரத்தின் காலிப் பெட்டியை அவன் பக்கம் தள்ளுகிறாள். "நல்லது. விரலு யாருதுன்னு ஞாபகம் இருக்கா?"